கரண்ட் வந்துவிட்டது, கம்ப்யூட்டர் வரவில்லை

வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. அலமாரிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு குடும்பப் படங்களையும் பேக்கப்பையும் இரவு பகலாகக் காவல் காக்கும். ஆறு வருடமாக அதை நானாக அணைத்ததே இல்லை. கரண்ட் போனால் அணையும், வந்தால் தானே எழுந்துகொள்ளும். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில், அப்படி அமைத்து வைத்திருந்தேன். அதனால் அப்படி ஒரு பெட்டி இருப்பதே பல நாள் மறந்துபோகும்.

ஒரு நாள் கரண்ட் போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தது. விளக்கு, விசிறி, ரவுட்டர் எல்லாம் வந்தன. இது மட்டும் வரவில்லை.

பட்டனை அழுத்தினேன். விசிறி ஒரு துள்ளு கூடத் துள்ளவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, மறுபடி சொருகுகிற அந்தச் சடங்கையும் செய்தேன். அதற்கு ஒரு நியாயம் உண்டு. வோல்டேஜ் எகிறியது, எங்கோ ஷார்ட் ஆனது என்று சந்தேகம் வந்தால் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் டப்பா, தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். கரண்ட் விட்டு விட்டு வரும்போது இது சகஜம். உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜ் வடிகிறவரை அந்தப் பூட்டு விடாது; பிளக் இல்லாமல் பட்டனை அழுத்தினால் அது சீக்கிரம் வடியும். என் பெட்டியில் எல்லாம் வடிந்த பிறகும் எதுவும் நடக்கவில்லை. அலுத்துப்போய், ஸ்விட்சை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கிறது.

தானாகச் சரியான பழுது தானாகவே திரும்பி வரும் என்று தெரிந்தும், அன்று எனக்குச் சந்தோஷம்தான். மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரியை அளந்தேன். 3 வோல்ட் இருக்கவேண்டியது 2.7 காட்டியது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று புதிதாக ஒன்றைப் போட்டு, பயாஸ் அமைப்புகளை மறுபடி சரிசெய்து மூடினேன். அடுத்த மூன்று வாரத்தில் கரண்ட் மூன்று முறை போனது. மூன்று முறையும் பெட்டி ஒழுங்காக எழுந்தது. பேட்டரிதான் காரணம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

நான்காவது முறை எழவில்லை.

நண்பனுக்குப் போன் போட்டேன். “கரண்ட் வரும்போது சர்ஜ் அடிச்சிருக்கும்டா. போர்டு போயிருக்கும், விட்டுடு” என்றான். சர்ஜ் என்றால் வோல்டேஜ் ஒரு கணம் எகிறுவது. அவன் சொன்னதை நம்பி, போர்டில் சீமாஸ் ஜம்பர் என்று இருக்கும் சின்ன இணைப்பை மாற்றிப் போட்டு பயாஸின் எல்லா அமைப்பையும் அழித்துப் பார்த்தேன். பலன் இல்லை. (இந்த ஜம்பரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

மறுநாள் அது பழையபடி தானாகச் சரியாகியிருந்தது. பட்டனை ஒரு தட்டுத் தட்டியதும் கிளம்பிவிட்டது. இந்த முறை சந்தோஷப்படாமல் சிஸ்டம் பதிவுகளைத் திறந்தேன். அணைவதற்கு முன் கடைசியாக எழுதிய வரியின் நேரம், மறுபடி எழுந்ததும் எழுதிய முதல் வரியின் நேரம். இரண்டையும் கழித்தால் எவ்வளவு நேரம் அணைந்து கிடந்தது என்று தெரிந்துவிடும். 4 நிமிடம், 11 நிமிடம், 25 நிமிடம் கரண்ட் இல்லாதபோதெல்லாம் உடனே எழுந்திருக்கிறது. எழாமல் மக்கர் செய்த இரண்டு தடவையும் கரண்ட் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது.

சர்ஜ் அடித்ததுதான் காரணம் என்றால், அதற்கு முன்னால் இருட்டு எவ்வளவு நேரம் இருந்தது என்று சர்ஜுக்கு என்ன கவலை? நேரம் போகப் போக மாறுகிறது என்றால் ஏதோ ஒன்று வடிகிறது, அல்லது ஏதோ ஒன்று ஆறுகிறது. பழுது கரண்ட் போவதிலும் இல்லை, வருவதிலும் இல்லை. குளிர்ந்துபோவதில் இருக்கிறது என்று அப்போதுதான் பட்டது.

பெட்டியை நானே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டரை மணி நேரம் ஆறவிட்டேன். பிறகு மல்டிமீட்டரை எடுத்தேன்.

கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் பார்க்க ஒரு டப்பாவாக இருந்தாலும் உள்ளே இரண்டு சப்ளைகள் இருக்கின்றன. பெரியது 12, 5, 3.3 வோல்ட் தருவது. பட்டன் அழுத்தினால்தான் வேலை செய்யும். சின்னது ஸ்டேண்ட்பை; சுவரில் சொருகியிருக்கும்வரை தூங்காமல் 5 வோல்ட் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும். பட்டன் அழுத்தியதை மதர்போர்டு உணர்வதே இந்த 5 வோல்ட்டின் தயவில்தான். 24 கால் கனெக்டரில் ஊதா ஒயர் அது, 9-ஆவது கால். கறுப்பு ஒயருக்கும் இதற்கும் இடையே 4.75-லிருந்து 5.25-க்குள் இருக்கவேண்டும்.

எனக்கு 0.6 காட்டியது. பிறகு 1.1. பிறகு 0.4. நிற்காமல் துடித்தது.

கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டுத் தனியாக அளந்தேன். அதே துடிப்பு. போர்டு மேல் இருந்த பழி அங்கேயே விழுந்துபோனது.

பெரிய சப்ளையை எழுப்பும் பச்சை ஒயரையும் கறுப்பையும் ஒரு கம்பியால் இணைத்துப் பார்ப்பது எல்லோரும் செய்கிற சோதனை. விசிறி சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நல்லது, சுற்றாவிட்டால் கெட்டது என்பார்கள். ஊதாவில் 5 வோல்ட் இல்லாதபோது அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. பச்சைக்கு உயிர் கொடுப்பதே ஸ்டேண்ட்பைதான். முதலில் ஊதா, அப்புறம்தான் பச்சை. தலைகீழாகச் செய்கிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்படியே விசிறி சுற்றினாலும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. லோடு ஏறாமல் விசிறியைச் சுற்றவிடாத எஸ்எம்பிஎஸ்களும் இப்போது நிறைய வந்துவிட்டன.

அறையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டப்பாவின் அருகே காதைக் கொண்டுபோனேன். சிள்வண்டு தூரத்தில் கத்துவதுபோல மெலிதாக ஒரு சத்தம், விடாமல். அதாவது ஸ்டேண்ட்பை செத்துப்போகவில்லை. விநாடிக்குப் பலமுறை எழ முயன்று, எழ முடியாமல் விழுந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது ஹேர் டிரையர். மிதமான சூட்டில், டப்பாவின் விசிறி வழியாக உள்ளே காற்றை ஊதினேன். மீட்டரை ஊதா ஒயரில் சொருகி எதிரே வைத்திருந்தேன். ஒரு நிமிடம் வரை மாற்றமில்லை. இரண்டாவது நிமிடத்தில் 1.8, 2.3 என்று எண்கள் ஏறி இறங்கின. மூன்றாவது நிமிடத்தில் சத்தம் சட்டென்று நின்றது; மீட்டர் 5.06 என்று ஆணி அடித்தாற்போல நின்றது. டிரையரை அணைத்தேன். 5.06 அப்படியே இருந்தது. பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துச் சொருகினேன், வந்தது. இரண்டரை மணி நேரம் கழித்துச் சொருகினேன், சிள்வண்டு.

செல்ஃப் எடுக்காத வண்டி மாதிரிதான். தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டால் நாள் முழுக்க ஓடும். ஓடுகிற வண்டியைப் பார்த்து அதன் செல்ஃப் எப்படி என்று யாராலும் சொல்லமுடியாது. ஆறு வருடமாக அணைக்காமலே ஓட்டினேன் இல்லையா, இது எப்போது கெட்டுப்போனது என்று கண்டுபிடிக்க வாய்ப்பே கொடுக்கவில்லை.

இனி டப்பாவைத் திறக்கவேண்டும். மெயின்ஸ் சர்க்யூட்டில் கை வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு வேறு எஸ்எம்பிஎஸ் வாங்கிப் போடுவதுதான் சரி. இது உபசாரத்துக்குச் சொல்வது அல்ல. 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் உச்சம் 325 வோல்ட். அது, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெபாசிட்டர்களில் தேங்கி நிற்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் பிளக்கைப் பிடுங்கினால் ஸ்டேண்ட்பை ஓடி ஓடி அதைக் குடித்துத் தீர்த்துவிடும். ஓடாத எஸ்எம்பிஎஸ்ஸில் குடிக்க ஆளில்லை. அதனால் செத்த டப்பாதான் உயிருள்ளதைவிட ஆபத்தானது.

ஒரு இரவு முழுக்கப் பிளக் இல்லாமல் வைத்திருந்து, காலையில் மூடியைக் கழற்றி, முதல் வேலையாகப் பெரிய கெபாசிட்டர்களை அளந்தேன். பூஜ்யம். 470 மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் கொள்ளளவு), 200 வோல்ட் என்று இரண்டு, தொடராக. மீட்டர் கம்பிகளை முன்கூட்டியே கிளிப் போட்டு மாட்டிவிட்டு, 60 வாட் குண்டு பல்பைத் தொடராகக் கோத்து, கரண்ட் கொடுத்தேன். உள்ளே ஏதாவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், ஃபியூஸ் தப்பிக்கும். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது. மீட்டர் 322. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் கழித்தும் 104 வோல்ட் இருந்தது. கடிக்கிற அளவுக்குப் போதுமானது. 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் மாட்டி இருபது விநாடி பிடித்து வடித்தேன். மறுபடி அளந்து பார்த்த பிறகுதான் கை வைத்தேன். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து ‘டப்’ என்று சத்தம் கேட்பதில் ஒரு வீரம் இருக்கலாம், கெபாசிட்டருக்கும் கண்ணுக்கும் நல்லதில்லை.

ஸ்டேண்ட்பை பகுதி ஓரத்தில் இருந்தது. ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், ஸ்விட்ச் போல வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட், அதை இயக்கும் 3842 குடும்பத்து எட்டுக்கால் ஐசி ஒன்று. இந்த ஐசி கிளம்பும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. 325 வோல்ட்டிலிருந்து பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர்கள் வழியாக அரை மில்லி ஆம்பியர் அளவுக்கு ஒரு சொட்டு கரண்ட் வரும். அது ஒரு சின்ன கெபாசிட்டரை மெதுவாக நிரப்பும். அது 16 வோல்ட்டைத் தொட்டதும் ஐசி விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். தொடங்கியதும் அதற்குப் பசி அதிகம், 12 மில்லி ஆம்பியர் வாக்கில் வேண்டும். அந்தச் சொட்டு கரண்ட் இதற்குப் போதாது. டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் துணைச் சுற்று ஒன்று மின்சாரம் தரத் தொடங்கும்வரை, கெபாசிட்டரில் சேர்ந்ததை வைத்துத்தான் பிழைக்கவேண்டும். அதற்குள் 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஐசி மறுபடி தூங்கிவிடும். பிறகு மறுபடி நிரம்பும், மறுபடி விழிக்கும்.

போர்டில் அந்தக் கெபாசிட்டர் 22 மைக்ரோஃபாரட். 16-லிருந்து 10-க்கு இறங்க 12 மில்லி ஆம்பியரில் 11 மில்லி விநாடி ஆகும். வெளியீட்டுக் கெபாசிட்டர்களை 5 வோல்ட்டுக்கு நிரப்பி, துணைச் சுற்றும் கைகொடுக்க அது தாராளம். கெபாசிட்டர் காய்ந்து எட்டில் ஒரு பங்காகிவிட்டால் ஒன்றரை மில்லி விநாடிகூடக் கிடைக்காது. சிள்வண்டுச் சத்தமும் இதோடு பொருந்துகிறது. கெபாசிட்டர் நல்லதாக இருந்து வெளியீட்டில் ஷார்ட் என்றால், நிரம்ப நேரம் பிடித்து ‘டிக்... டிக்...’ என்று நிதானமாக அடிக்கும். கெபாசிட்டரே சுருங்கிவிட்டால் சட்டென்று நிரம்பிச் சட்டென்று தீர்ந்து, டிக் டிக் எல்லாம் சேர்ந்து ரீங்காரமாகிவிடும்.

பெரிய கெபாசிட்டரின் மைனஸை ஆதாரமாக வைத்து ஐசியின் 7-ஆவது காலை அளந்தேன். (இந்தப் பக்கத்தில் கேஸைக் கிரவுண்டாக எடுக்கவே கூடாது, இது மெயின்ஸோடு நேரடித் தொடர்புள்ள பக்கம்.) 12.6, 13.4, 12.9. பத்துக்கும் பதினாறுக்கும் நடுவில் ஓடியோடி அலைவதை மீட்டர் சராசரியாக்கிக் காட்டியது.

கரண்டைத் துண்டித்து, வடித்து, அந்தக் கெபாசிட்டரைக் கழற்றினேன். சுண்டுவிரல் நகம் உயரம்கூட இல்லை. மாஸ்ஃபெட்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடான ஹீட்சிங்கை ஒட்டி, பழுப்பேறிய பசையில் பாதி புதைந்து நின்றது. தலை உப்பவில்லை, கசியவில்லை, புதிது மாதிரி இருந்தது. இவ்வளவு சின்ன சைஸுக்குப் பெரும்பாலும் தலையில் வெட்டுக்கோடே இருக்காது. உப்புவதற்கு வழி இல்லாமல் உள்ளுக்குள்ளேயே காய்ந்துபோகும். உப்பிய கெபாசிட்டரைத் தேடிக் கண்ணால் ஸ்கேன் செய்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் முதலில் தாண்டித்தான் போனேன், ஏனென்றால் பக்கத்திலேயே ஸ்டேண்ட்பை வெளியீட்டில் 1000 மைக்ரோஃபாரட் ஒன்று தலை லேசாக மேடிட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கழற்றியதை அளந்தேன்: 22 எழுதியிருந்த இடத்தில் 2.8 மைக்ரோஃபாரட். மீட்டர் கிளிப்பிலேயே வைத்து டிரையரால் அரை நிமிடம் ஊதினேன். 4, 6, 8 என்று ஏறி 9-இல் நின்றது. டிரையரை எடுத்ததும் கண்ணெதிரே இறங்கத் தொடங்கியது. மூன்று வாரமாக எனக்கு வேடிக்கை காட்டியது இதுதான். ஓடும்போது ஹீட்சிங் இதைச் சூடாகவே வைத்திருந்தது. அரை மணி நேரம் அணைந்தாலும் சூடு கொஞ்சம் மிச்சமிருந்தது. இரவு முழுக்கச் சொருகியே இருந்தபோது, எழ முயன்று முயன்று அந்த முயற்சியிலேயே தன்னைச் சூடாக்கிக்கொண்டு எழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

105 டிகிரிக்கு 2000 மணி நேரம் என்று போட்ட சாதாரண கெபாசிட்டருக்கு, ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஹீட்சிங் பக்கத்தில் 65 டிகிரி என்று வைத்தால் 32,000 மணி நேரம், மூன்றரை வருடத்துக்குச் சற்று மேல். இது ஆறு வருடம் இழுத்திருக்கிறது. அதைத் திட்ட மனம் வரவில்லை. அதை ஹீட்சிங்கை உரசி வைத்தவரைத் திட்டலாம்.

சொட்டு கரண்ட் தரும் இரண்டு 220 கிலோ ஓம் ரெசிஸ்டர்களையும் ஒரு கால் தூக்கி அளந்தேன். 218, 221. இவை வருடக்கணக்கில் உயர் வோல்டேஜைத் தாங்கி மதிப்பு ஏறிப்போவது உண்டு. அப்போதும் இதே அறிகுறிதான், ஆனால் சூடு காட்டினால் மசியாது.

புதிதாக 22 மைக்ரோஃபாரட், 50 வோல்ட், 105 டிகிரி, 5000 மணி நேரம். 47 போட்டால் இன்னும் பலம் என்று தோன்றும். நிரம்ப இருமடங்கு நேரமாகும், தேவை இல்லை. ஹீட்சிங்கிலிருந்து கொஞ்சம் விலகிச் சாய்ந்து நிற்கும்படி கால்களை நீளமாக விட்டு, குழாய் மாட்டிச் சால்டர் செய்தேன். பழைய பசையைச் சுரண்டி எடுத்தேன். இந்தப் பசை முதுமையில் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், காலையும் அரிக்கும். மேடிட்ட 1000-த்தை அப்போது தொடவில்லை. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாமல் போயிருக்கும்.

இரவு முழுக்க ஆறவிட்டேன். காலையில் பல்பு வழியாகச் சொருகினேன். சிள்வண்டு இல்லை. ஐசி காலில் அசையாமல் 14.2, ஊதாவில் 5.07. அதற்குப் பிறகுதான் மேடிட்டதையும் அதன் ஜோடியையும் மாற்றினேன். மதர்போர்டில் மாட்டும் முன், ஊதாவுக்கும் கறுப்புக்கும் நடுவில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை வைத்து அரை ஆம்பியர் இழுத்தேன். 5.02. இதைத் தவிர்க்கக்கூடாது. பழைய வகை ஸ்டேண்ட்பை சர்க்யூட்டுகள் சிலவற்றில் ஒரு கெபாசிட்டர் காய்ந்தால் வோல்டேஜ் குறையாது, எகிறும், மதர்போர்டையே கொன்றுவிடும். பச்சையையும் கறுப்பையும் இணைத்து, பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை லோடாக மாட்டி, 12.1, 5.08, 3.32 என்று மற்றவற்றையும் குறித்துக்கொண்டேன். சாம்பல் ஒயரில், ‘எல்லாம் சரி’ என்று மதர்போர்டுக்குச் சொல்லும் 5 வோல்ட்டும் வந்திருந்தது.

எல்லாவற்றையும் மாட்டி, சுவரில் சொருகினேன். போர்டில் பச்சை எல்இடி எரிந்தது. விசிறி சுற்றவில்லை.

பிடுங்கிச் சொருகினேன். எல்இடி உண்டு, விசிறி இல்லை. வயிற்றில் ஏதோ கரைந்தது. ஊதா 5.05. போர்டு உண்மையிலேயே போய்விட்டதா, நண்பன் சொன்னதுதான் சரியா என்று பத்து நிமிடம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று முன்பக்க பட்டனைத் தொட்டேன். சாதாரணமாகக் கிளம்பியது.

சீமாஸ் ஜம்பர். அமைப்புகளை அழித்தபோது, ‘கரண்ட் வந்ததும் தானே எழு’ என்பதும் சேர்ந்து அழிந்திருந்தது. போர்டு தன் பிறவிக் குணப்படி, கரண்ட் வந்தாலும் அணைந்தே இருந்திருக்கிறது. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டி, பயாஸில் அந்த வரியைத் தேடி மாற்றினேன்.

ஒரு நிமிடம், அரை மணி, மூன்று மணி என்று பிடுங்கிச் சொருகிப் பார்த்தேன். கடைசியாக ஒரு இரவு முழுக்க. காலையில் சொருகியதும் விசிறி ஒரு முறை உறுமிவிட்டுச் சீராகச் சுற்றத் தொடங்கியது. பத்து நாள் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியம், கரண்ட் உண்மையிலேயே போயிருக்கிறது. எனக்கு அது தெரிந்ததே இரண்டு நாள் கழித்துப் பதிவைப் பார்த்தபோதுதான்: கடைசி வரி 1:52, முதல் வரி 4:37.